கல் தண்ணீரில் மிதக்குமா?

போன மாதம் ஒரு மதியம், எங்கள் துறையில் முதுநிலை படிக்கும் மாணவன் ஒருவன் கறுப்பு ரெக்சின் அட்டை போட்ட ஒரு புத்தகத்தோடு என் அறைக்கு வந்தான். அட்டையைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. 2008-இல் நான் எழுதிய ஆய்வேடு. முதுகில் என் பெயரின் பொன்னெழுத்துகள் பாதி உதிர்ந்திருந்தன. "மேடம், பைபாஸ் முடிஞ்சு ஐசியுவுல இருக்கறவங்கள்ல எத்தனை பேருக்கு டெலிரியம் வருதுன்னு நம்ம ஆஸ்பத்திரியில எடுத்த கணக்கு இது ஒண்ணுதான் இருக்கு. இந்தச் சதவீதத்தை வெச்சே சாம்பிள் சைஸ் போட்டுக்கலாமா?" என்று கேட்டான். டெலிரியம் என்றால் திடீரென்று வரும் புத்தித் தடுமாற்றம். முறையான கேள்விதான். புதிதாக ஓர் ஆய்வு தொடங்குகிறவன் எத்தனை நோயாளிகளைச் சேர்க்க வேண்டும் என்பதை முந்தைய ஆய்வின் எண்ணிலிருந்துதான் கணக்கிடுவான். "நாளைக்கு வாப்பா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவன் போன பிறகு வெகுநேரம் அந்தப் புத்தகத்தைத் திறக்காமலே வைத்துக்கொண்டிருந்தேன்.

அதில் 100 நோயாளிகள் இருக்கிறார்கள். அவர்களில் இரண்டு பேரைப் பற்றி நான் எழுதியது தவறு என்று எனக்குத் தெரியும். பக்கத்துப் பக்கத்து வரிசை எண்கள். ஒருவருக்கு டெலிரியம் 'ஆம்' என்று எழுதியிருக்கிறேன், உண்மையில் அவருக்கு 'இல்லை'. இன்னொருவருக்கு 'இல்லை' என்று எழுதியிருக்கிறேன், உண்மையில் அவருக்கு 'ஆம்'. கூட்டிக் கழித்தால் சதவீதம் மாறாது. ஆனால் இந்த இருவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது தற்செயலாக. மீதி 98 பேரைப் பற்றி?

மயக்க ஊசி டாக்டர்

இதய அறுவை சிகிச்சையில் எங்களை 'மயக்க ஊசி டாக்டர்' என்பார்கள். ஊசி போட்டுத் தூங்கவைத்துவிட்டுப் போய்விடுகிறவர் என்றுதான் பெரும்பாலான குடும்பங்கள் நினைக்கின்றன. தூங்கவைப்பது எங்கள் வேலையில் மிகச் சிறிய பகுதி. ரத்தத்தைப் பம்புக்கு (இதய-நுரையீரல் இயந்திரம்) திருப்பி, இதயத்தை நிறுத்தி, தைத்து முடித்து, மறுபடி இதயத்தைத் துடிக்கவைத்துப் பம்பிலிருந்து விடுவிப்பது வரை சர்ஜனும் பம்பை இயக்கும் பெர்ஃப்யூஷனிஸ்ட்டும் நாங்களும் ஒன்றாக நிற்கிறோம். சர்ஜன் கையுறையைக் கழற்றிய பிறகு நீளமான இரவு ஒன்று தொடங்கும். வென்டிலேட்டர், நெஞ்சில் வைத்த வடிகுழாயில் (ட்ரெய்ன்) இறங்கும் ரத்தம், மணிக்கு எவ்வளவு சிறுநீர், பொட்டாசியம் எவ்வளவு, எப்போது சுவாசக் குழாயை (ட்யூப்) எடுக்கலாம். நான் வாழ்க்கையில் அதிகம் கற்றுக்கொண்டது அந்த இரவுகளில்தான்.

1953 மே 6 அன்று பிலடெல்பியாவில் ஜான் கிப்பன் ஒரு 18 வயதுப் பெண்ணின் இதயத்தில் இருந்த ஓட்டையை அடைத்தார். 26 நிமிடங்கள் அவளுடைய இதயமும் நுரையீரலும் செய்ய வேண்டிய வேலை முழுவதையும் ஓர் இயந்திரம் செய்தது. அங்கிருந்து பதினோரு ஆண்டுகள் தள்ளி, 1964-இல், ஆல்பர்ட் ஸ்டார் ஒரு மனநல மருத்துவரோடு சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார். செயற்கை வால்வுக்குத் தன் பெயரைத் தந்த அதே ஸ்டார். இதய அறுவை முடிந்து பிழைத்தவர்களில் பலருக்குச் சில நாட்களில் புத்தி தடுமாறுகிறது என்பதுதான் அதன் விஷயம். வால்வைக் கண்டுபிடித்தவரே வால்வு வைத்தவர்களின் மனத்தைத் திரும்பிப் பார்த்தார் என்பது மாணவியாக இருந்தபோது என்னை மிகவும் பாதித்தது. நான் இந்த ஆய்வுத்தலைப்பை எடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

டெலிரியத்துக்கு நம்மிடம் பழைய சொல் உண்டு: சன்னி. 'ஜன்னி கண்டு பிதற்றுகிறான்' என்று என் பாட்டி சொல்வாள். இன்று அந்தச் சொல்லை வலிப்புக்கும் கடுங்காய்ச்சலுக்கும் சேர்த்துச் சொல்லித் தேய்த்துவிட்டோம். ஐசியு வாசலில் நிற்கும் மனைவிகள் சொல்வது வேறு: "என்னென்னவோ உளர்றாரு டாக்டர்", "ஆளு ஒரு மாதிரியா இருக்காரு".

கேள்வித்தாள்

ஐசியுவில் டெலிரியத்தைக் கண்டுபிடிக்க உலகம் முழுவதும் பயன்படும் ஒரு சிறு சோதனை உண்டு. 'காம்-ஐசியு' என்று சொல்வோம். அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் வெஸ்லி ஈலியும் அவர் குழுவினரும் 2001-இல் வெளியிட்டது. நல்ல கருவி. பேச முடியாத நோயாளியிடமும் இரண்டு நிமிடத்தில் செய்துவிடலாம். முதலில், புத்தியில் திடீர் மாற்றமோ ஏற்ற இறக்கமோ இருந்ததா என்று பார்க்க வேண்டும். அடுத்தது கவனம். பத்து ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும்: எஸ், ஏ, வி, ஈ, ஏ, எச், ஏ, ஏ, ஆர், டி. 'ஏ' வரும்போது மட்டும் நோயாளி நம் கையை அழுத்த வேண்டும். இரண்டு தவறுக்கு மேல் போனால் கவனம் குறைவு. அவர் முழு விழிப்பில் இருந்தால் கடைசியாக நான்கு கேள்விகள்: கல் தண்ணீரில் மிதக்குமா? கடலில் மீன் இருக்கிறதா? ஒரு கிலோ இரண்டு கிலோவை விட அதிகமா? ஆணி அடிக்கச் சுத்தியல் உதவுமா? இந்தப் பகுதியில் ஒரு தவறுக்கு மேல் போனால் சிந்தனை குழம்பியிருக்கிறது என்று பொருள்.

என் ஆய்வில் இதைத் தினம் ஒரு முறை, இரவு ஒன்பது மணிக்குச் செய்தேன். பகலில் ஆபரேஷன் தியேட்டர், அதனால் அந்த நேரம். கேள்விகளை நானே தமிழாக்கி ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். எழுத்துகளை மட்டும் ஆங்கிலத்திலேயே விட்டுவிட்டேன்.

அந்த இரண்டு பேரில் முதலாமவர் கடலூர்க்காரர். ஓய்வுபெற்ற தமிழாசிரியர், 68 வயது. மூன்று குழாய்களுக்கு பைபாஸ். முந்தின நாள் காலையில் அறுவை முடிந்து, அன்று மாலைதான் ட்யூப் எடுத்திருந்தோம். தியேட்டருக்குப் போகும் முன் வார்டில் வழக்கம்போலக் கண்ணாடி, காது மெஷின், பல் செட் எல்லாவற்றையும் கழற்றி ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு அவர் மனைவியிடம் கொடுத்துவிட்டார்கள். அந்தக் கவர் மனைவியின் கைப்பையில் இருந்தது. அந்த அம்மா ஐசியுவுக்கு வெளியே, பெஞ்சில் இருந்தார். சிஸ்டர் சார்ட்டில் எழுதியிருந்தார்: 'மாலையிலிருந்து தனக்குத் தானே பேசுகிறார்.' முதல் கட்டத்தில் டிக் அடித்தேன். கட்டிலின் கால்மாட்டில் நின்றபடி பத்து எழுத்துகளையும் சொன்னேன். ஒரு வென்டிலேட்டர் பக்கத்தில் அலாரம் அடித்துக்கொண்டிருந்தது. என் கை அவர் கைக்குள் இருந்தது. நான்கு 'ஏ'யில் ஒன்றுக்குத்தான் அழுத்தினார். மூன்று தவறு. இரண்டாவது டிக்.

அப்புறம் அவரே, "கிட்ட வந்து சொல்லும்மா" என்றார். காதருகே குனிந்து கேட்டேன்.

"ஐயா, கல்லு தண்ணியில மிதக்குமா?"

"மிதக்கும்" என்றார், கொஞ்சமும் தயங்காமல்.

"கடல்ல மீன் இருக்கா?"

"எங்கம்மா இருக்கு? எங்க பக்கத்துப் பசங்க வெறும் வலையோட வர்றாங்க."

மற்ற இரண்டுக்கும் சரியாகச் சொன்னார். ஆனால் இரண்டு தவறு வந்துவிட்டது. டெலிரியம்: ஆம். ட்யூட்டி டாக்டரிடம் சொன்னேன். கழுத்து லைனையும் ட்ரெய்னையும் இழுத்துவிடுவாரோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. மனக்கிளர்ச்சியை அடக்கும் ஹாலோபெரிடால் ஒரு டோஸ் போட்டார்கள். இரண்டு மணிக்கட்டையும் ரோலர் பேண்டேஜால் கட்டில் கம்பியில் கட்டினார்கள். அவர் எதிர்க்கவில்லை. கட்டுகிற சிஸ்டரை ஏதோ புரியாததைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அடுத்த கட்டிலுக்குப் போனேன்.

அடுத்த கட்டிலில் விழுப்புரம் பக்கத்துப் பலசரக்குக் கடைக்காரர் ஒருவர். ஐம்பதைத் தாண்டியவர், வால்வு மாற்றியிருந்தது. கண்ணை மூடியிருந்தார், கூப்பிட்டதும் திறந்தார். எழுத்துகளில் இரண்டு தவறு. இரண்டு வரைக்கும் அனுமதி உண்டு. டெலிரியம்: இல்லை. சார்ட்டில் சிஸ்டர் 'அமைதியாக இருக்கிறார்' என்று எழுதியிருந்தார். ஐசியுவில் அதுதான் ஒரு நோயாளிக்குக் கிடைக்கக்கூடிய நற்சான்று.

பதினோரு மணி

மறுநாள் காலை பதினோரு மணிக்குப் பார்வையாளர் நேரம். ஆசிரியரின் மனைவி உள்ளே வந்தார். கட்டைப் பார்த்ததும் முகம் மாறியது. ஆனால் எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. கைப்பையைத் திறந்து, கவரை எடுத்து, முதலில் காது மெஷினை மாட்டினார். அடுத்து பல் செட். அடுத்து கண்ணாடியைப் புடவைத் தலைப்பில் துடைத்துப் போட்டுவிட்டார். மூன்று நிமிடம் ஆகியிருக்கும். அந்த மூன்று நிமிடத்தில் எங்கள் ஐசியுவிலிருந்த குழம்பிய கிழவர் மறைந்து, முப்பது வருடம் வகுப்பெடுத்த ஒரு மனிதர் எழுந்து உட்கார்ந்தார். என்னைப் பார்த்துக் கேட்டார்:

"ஏம்மா, கல்லு மிதக்கும்னு சொன்னதுக்கா கையைக் கட்டினீங்க?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவரே தொடர்ந்தார். "எந்த ஊர்க்காரன் நான்? அப்பரைக் கல்லோட கட்டிக் கடல்ல போட்டாங்க. அந்தக் கல்லே தெப்பமா மிதந்து அவர் கரையேறின ஊரும்மா அது. கரையேறவிட்ட குப்பம்னு பேரே இருக்கு. ராத்திரி பூரா அந்தப் பதிகத்தைத்தான் சொல்லிக்கிட்டிருந்தேன். பயமா இருந்துச்சு."

சிஸ்டர் 'தனக்குத் தானே பேசுகிறார்' என்று எழுதியது அதைத்தான். பல் செட் இல்லாத வாயில் தேவாரம் உளறலாகக் கேட்டிருக்கிறது. அவருடைய மூன்று டிக்குகளையும் நான் மனத்துக்குள் ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். முதலாவது பல் செட். இரண்டாவது காது மெஷின். மூன்றாவது, ஒரு கடலோர ஊரின் ஞாபகமும் அந்த ஊர் மீனவர்களின் கஷ்டமும். இவற்றில் ஒன்றுகூட நோய் இல்லை.

அதே நேரம் அடுத்த கட்டிலில் கடைக்காரரின் மகள் நின்றுகொண்டிருந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அவர் மெல்லிய குரலில், செத்துப்போன தன் தங்கையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். திரைக்குப் பின்னால் ஆள் நிற்கிறார்கள், ஷட்டரை இறக்கு என்றார். சத்தமே இல்லாமல் சொன்னதால் இரவு முழுக்க யாருக்கும் கேட்டிருக்காது. விரல்கள் போர்வையின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டே இருந்தன. பத்து நிமிடம் கழித்து மகளைச் சரியாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். டெலிரியம் இப்படித்தான் வந்து வந்து போகும். கத்தி ஆர்ப்பாட்டம் செய்கிற வகை எல்லோர் கண்ணிலும் படும். வாயை மூடிக்கொண்டு உள்ளுக்குள் தொலைந்துபோகும் வகைதான் அதிகம் தவறவிடப்படுவது. ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு முறை மட்டும் கதவைத் தட்டுகிறவளுக்கு அது எப்படித் தெரியும்?

அன்று மாலையே என் ஆய்வு வழிகாட்டியிடம் போனேன். இரண்டு படிவங்களையும் திருத்த வேண்டும் என்றேன். பொறுமையாகக் கேட்டார். "நெறிமுறைப்படி கேட்டதுக்கு என்ன பதில் வந்ததோ அதுதான் தரவு. பின்னாடி உனக்குத் தெரிஞ்சதை வெச்சு ரெண்டு பேரை மாத்தினா, நாளைக்கு உனக்குப் பிடிக்காத மூணாவது ஆளையும் மாத்துவே" என்றார். எனக்கு அழுகை வந்தது. அவர் சொன்னது நியாயம் என்று புரிந்துகொள்ள இரண்டு வருடம் ஆயிற்று.

2010-இல் எங்கள் துறையே அதிர்ந்தது. ஜெர்மனியின் லுட்விக்ஸ்ஹாஃபென் நகரத்து அனஸ்தீசியா பேராசிரியர் யோவாகிம் போல்ட், பம்பை நிரப்பப் பயன்படும் திரவங்களைப் பற்றி முந்தின ஆண்டு வெளியிட்ட கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. எண்கள் நம்ப முடியாத அளவுக்கு ஒழுங்காக இருக்கின்றன என்று வாசகர்கள் எழுதிக் கேட்டதில்தான் அது தொடங்கியது. நோயாளி என்றால் ஒருவர் ஒரு மாதிரி, இன்னொருவர் ஒரு மாதிரி இருப்பார். அந்த அட்டவணையில் அந்த மேடுபள்ளமே இல்லை. அவருடைய கட்டுரைகள் அதற்குப் பிறகு கொத்துக் கொத்தாகத் திரும்பப் பெறப்பட்டன. 2013-இல் கனடாவிலிருந்து வந்த ஒரு தொகுப்பாய்வு அவருடைய ஏழு ஆய்வுகளை நீக்கிவிட்டு மறுபடி கணக்குப் போட்டது. அவர் ஆய்வுகள் ஆதரித்த, ஐசியுவில் உலகம் முழுக்க ஏற்றிக்கொண்டிருந்த ஸ்டார்ச் திரவம் சாவையும் சிறுநீரகச் செயலிழப்பையும் கூட்டுகிறது என்று தெளிவாகத் தெரிந்தது. அந்தத் திரவத்தை நானும் என் கையால் ஏற்றியிருக்கிறேன். வழிகாட்டி ஏன் அன்று என்னைத் தடுத்தார் என்பது 2010-இல் அந்த முதல் செய்தி வந்த வாரமே உறைத்தது.

ஆனாலும் என் மனம் முழுதாக ஆறவில்லை. எண்ணை மாற்றாமல் இருப்பது நேர்மை, சரி. கேட்ட விதமே தவறாக இருந்தால், மாற்றாமல் வைத்த எண் யாருக்கு நேர்மை?

கடையை நடத்துவது யார்

ஆறு வாரம் கழித்து இருவரும் ரிவ்யூவுக்கு வந்தார்கள். ஆசிரியர் படியேறி வந்தார். கடைக்காரரின் காயம் அருமையாக ஆறியிருந்தது, எக்கோ ஸ்கேனில் வால்வு கச்சிதமாக வேலை செய்தது. சர்ஜன் திருப்தியோடு கேஸ் ஷீட்டில் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்ததும் கடைக்காரரின் மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தினம் கடைக்கு வந்து உக்கார்றாரு டாக்டரம்மா. நூத்துக்கு எழுபத்திரண்டு போக மீதி எவ்வளவுன்னு என்னைக் கேக்குறாரு. யாரு பாக்கி வெச்சிருக்காங்கன்னு நோட்டைப் பாக்காம சொல்லுவாரு முன்னெல்லாம். இப்ப கடையை நடத்துறது நான்தான். வெளிய சொல்லாதீங்க."

அந்தப் பெண்மணி சொன்னதை ஆராய்ச்சி உலகம் எண்களாகச் சொல்லியிருந்தது. ட்யூக் பல்கலைக்கழகத்தின் மார்க் நியூமன், அவரும் அனஸ்தீசியாக்காரர்தான், 261 பைபாஸ் நோயாளிகளை ஐந்து ஆண்டுகள் பின்தொடர்ந்தார். வீட்டுக்குப் போகும்போது 53 சதவீதத்தினரின் நினைவுத்திறனோ கவனமோ குறைந்திருந்தது. ஆறு மாதத்தில் 24 ஆக இறங்கியது. ஐந்தாம் ஆண்டில் மறுபடி 42. 2001-இல் இது வெளியானபோது எல்லோரும் பம்பைக் குற்றம் சொன்னார்கள்: நுண்ணிய குமிழிகள், ரத்தக்கட்டித் துணுக்குகள், உடல் முழுக்கப் பரவும் அழற்சி. ஆனால் பம்பே இல்லாமல் பைபாஸ் செய்து பார்த்த டச்சு ஆய்வில் ஐந்து வருடம் கழித்துப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அறுவையே செய்துகொள்ளாத இதய நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு, நாளடைவில் வரும் சரிவு அவர்களுக்கும் அதே அளவு இருப்பதைக் காட்டியது. இதயக் குழாயை அடைத்த நோய் மூளைக் குழாயையும் விட்டுவைத்திருக்காது என்பதுதான் விஷயம். 2012-இல் வந்த இன்னோர் ஆய்வு 225 பேரைப் பார்த்தது. டெலிரியம் வந்தவர்கள் பழைய நிலைக்குத் திரும்ப மிகவும் தாமதித்தார்கள். அதனால்தான் கடைக்காரருக்கு நான் எழுதிய 'இல்லை' என்னை இன்றும் உறுத்துகிறது. 'ஆம்' என்று எழுதியிருந்தால் அந்த அம்மாவிடம் வீட்டுக்கு அனுப்பும்போதே உட்காரவைத்துப் பேசியிருப்பேன்: கணக்கில் தடுமாறுவார், திட்டாதீர்கள், கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பக் கொடுங்கள் என்று. 'அமைதியாக இருக்கிறார்' என்று எழுதப்பட்டவரின் குடும்பத்திடம் யாரும் எதுவும் சொல்வதில்லை.

அன்று ஆசிரியருக்குப் போட்ட ஹாலோபெரிடால் பற்றியும் சொல்ல வேண்டும். 2018-இல் அமெரிக்காவில் 566 ஐசியு நோயாளிகளிடம் செய்த ஆய்வில், அந்த மருந்து டெலிரியத்தின் நாட்களைக் குறைக்கவே இல்லை. மறு ஆண்டு பாஸ்டனில் பாலசந்தர் சுப்ரமணியம் குழு, இதய அறுவை முடிந்த 60 வயதுக்கு மேற்பட்ட 120 பேரில் பாதிப் பேருக்கு இரண்டு நாள் ஆறு மணிக்கு ஒரு முறை பாராசிட்டமால் நரம்பில் ஏற்றியது. டெலிரியம் 28 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறைந்திருந்தது. சிறிய ஆய்வுதான், அதை வைத்துக்கொண்டு முடிவாக எதையும் சொல்லிவிட முடியாது. ஆனால் படித்தபோது உற்சாகமாக இருந்தது. நாம் ஒரு முதியவரின் வலியைக் குழப்பம் என்று படித்துக்கொண்டிருந்தோமா என்ற கேள்வியாவது எழுகிறது. மருந்தே இல்லாமலும் வழி உண்டு என்பதை ஷரோன் இனோயி 1999-லேயே காட்டியிருந்தார். பொது வார்டில் 852 முதியவர்கள். கண்ணாடி, காது மெஷின், தூக்கம், தண்ணீர், நடை, பேச்சுத்துணை இவற்றைக் கவனித்ததிலேயே டெலிரியம் 15 சதவீதத்திலிருந்து 10-க்கு இறங்கியது. எங்கள் கவர் கைப்பைக்குள் போனதற்கு ஒன்பது வருடம் முன்பே அச்சில் இருந்த விஷயம் அது. நான் படித்தும் இருந்தேன்.

யானை

பேராசிரியர் வேலைக்கு வந்த பிறகு எங்கள் சிஸ்டர்களோடு உட்கார்ந்து அந்தச் சோதனையைத் தமிழில் புதிதாகச் செய்தோம். நினைத்ததைவிடக் கடினம். எல்லோரும் ஒரே பதில் சொல்லும் கேள்வி நம் ஊரில் அபூர்வம். 'பஞ்சு தண்ணீரில் மூழ்குமா' என்றால், நனைந்தால் மூழ்கும் என்றார் ஒரு அம்மா. சரிதானே? 'பகலில் நிலா தெரியுமா' என்றால், கிராமத்துக்காரர்கள் தெரியும் என்றார்கள். அவர்கள்தான் வானத்தைப் பார்க்கிறவர்கள். கடைசியில் மூத்த சிஸ்டர் ஒருவர் "யானை மரம் ஏறுமா?" என்று கேட்கலாம் என்றார். இன்றுவரை அதற்கு யாரும் வேறு பதில் சொல்லவில்லை. ஆங்கில எழுத்துகளுக்குப் பதில் தமிழ் எழுத்துகள் வைத்தோம், 'மா' வரும்போது கையை அழுத்த வேண்டும். தினம் ஒரு முறைக்குப் பதில் ஷிஃப்டுக்கு ஒரு முறை. கால்மாட்டில் நிற்கக் கூடாது, முகத்துக்கு நேராக உட்கார வேண்டும். காது மெஷின் கவர் நோயாளியோடுதான் ஐசியுவுக்குள் வரும். இதை எழுதிக் கட்டில்தோறும் தொங்கவிட்டோம். என் பெயரில் வந்த கட்டுரைகள் எதையும்விட எனக்கு அந்த ஒற்றைத் தாள் பெரிது.

மறுநாள் மாணவன் வந்தான். இதையெல்லாம் சொன்னேன். ஆய்வேட்டைத் திறந்து அந்த இரண்டு வரிசையையும் காட்டினேன். நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப எந்த எண்ணை வெச்சு ஆரம்பிக்கிறது மேடம்?"

"என் எண்ணை எடுக்காதே. முதல்ல முப்பது பேரை நீயே பாரு. பகல்லயும் ராத்திரியிலயும். காதுல மெஷின் இருக்கான்னு பார்த்துட்டு, உக்காந்து கேளு. வீட்டுக்காரங்ககிட்டயும் கேளு. அதுல வர்ற எண்ணை வெச்சுக் கணக்குப் போடு."

"ஆறு மாசம் தள்ளிப்போயிடும் மேடம்."

"போகட்டும்."

திங்கட்கிழமை ஆரம்பித்தான். இரவு பத்தே முக்காலுக்கு எனக்கு போன். முதல் நோயாளி ஒரு பாட்டி, செஞ்சிப் பக்கம், வால்வு கேஸ். கண்ணாடியைக் காணவில்லையாம். வார்டில் தேடிவிட்டானாம், தியேட்டர் வாசலில் தேடிவிட்டானாம், இப்போது பாட்டியின் மகனைத் தேடிக் கீழே கேன்டீனுக்குப் போய்க்கொண்டிருக்கிறானாம். "கண்ணாடி கிடைச்சதும்தான் கேக்கணும், இல்லையா மேடம்?" என்றான்.

"ஆமாப்பா. கிடைச்சதும் கேளு."